பாறை, மணல், தண்டவாளம்

2003-இலிருந்து 2014 வரையிலான பதினொரு ஆண்டுகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் தங்களுக்குள் தீராத மூன்று தகராறுகளை வெளியாரிடம் கொண்டுபோயின. முதலாவது, ஒரு பாறை யாருக்குச் சொந்தம் என்பது. அது ஹேக் நகரில் இருக்கும் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டாவது, கடலில் கொட்டப்பட்ட மணல். அது ஹாம்பர்க் நகரத் தீர்ப்பாயத்தில் தொடங்கி, இரண்டு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்த மேசையில் முடிந்தது. மூன்றாவது, ரயில் நிலம். அதை மூன்று நடுவர்கள் விசாரித்து முடித்துவைத்தார்கள்.

பாறை வழக்கு எல்லாருக்கும் தெரியும். "பத்து பூத்தேயைத் தூக்கிக் கொடுத்துட்டாங்க" என்று இந்தப் பக்கம் இன்னும் பேசுகிறோம். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்கள் "கோர்ட்டே சொல்லியாச்சு, இன்னும் என்ன?" என்கிறார்கள். மற்ற இரண்டு வழக்குகளைப் பற்றி என் வயதுக்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் "அப்படி ஒண்ணு நடந்துச்சா?" என்றுதான் பதில் வருகிறது. ரயில் நில வழக்கில் ஜெயித்தது மலேசியா. அதுகூட யாருக்கும் நினைவில்லை.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஸ்கூடாயில் சிவில் பொறியியல் படித்துவிட்டு இப்போது வடிகால், கரையோரப் பாதுகாப்பு வேலைகளில் இருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதலில் கற்றுத்தந்த பாடம், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது. வரலாறு அந்த வசதியைச் சாதாரணமாகத் தருவதில்லை. இங்கே ஓரளவு தந்திருக்கிறது. அதே இரண்டு நாடுகள், ஏறத்தாழ அதே காலம், அதே பழைய மனக்கசப்பு. தட்டிய கதவு மட்டும் வேறு. ஒன்று ஏன் ஆறாத புண்ணாக நிற்கிறது, மற்ற இரண்டும் ஏன் மறந்தேபோயின என்பதுதான் என் கேள்வி.

பாறை

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் ஒரு கருங்கல் பாறை. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். காற்பந்துத் திடலைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல்மைல், சிங்கப்பூரிலிருந்து 24 கடல்மைல். பறவை எச்சத்தால் வெளுத்துக் கிடந்த அதைப் போர்த்துகீசியர்கள் 'வெள்ளைப் பாறை' என்றார்கள், பெட்ரா பிராங்கா. மலாயில் பத்து பூத்தே. அதற்கும் வெள்ளைக் கல் என்றுதான் பொருள். பெயரில் சண்டை இல்லை.

1850-க்கும் 1851-க்கும் இடையில் பிரிட்டிஷார் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். கட்டியவர் சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட வல்லுநர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். அன்றிலிருந்து விளக்கைப் பராமரித்து வந்தது சிங்கப்பூர்தான். 1979 டிசம்பரில் மலேசியா வெளியிட்ட கடலெல்லை வரைபடம் அந்தப் பாறையை மலேசியாவுக்குள் காட்டியது. 1980 பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூர் அதை எழுத்துமூலம் மறுத்தது. 1993-இல் பக்கத்திலிருக்கும் மிடல் ராக்ஸ் பாறைகளும் சவுத் லெட்ஜ் என்ற திட்டும் தகராறில் சேர்ந்துகொண்டன. பேசிப் பார்த்தார்கள், முடியவில்லை. 2003 பிப்ரவரி 6 அன்று புத்ராஜெயாவில் கையெழுத்துப் போட்டார்கள். கேள்வியை ஹேக்குக்கு அனுப்புவோம், தீர்ப்பு எதுவானாலும் ஏற்போம் என்பது உடன்பாடு.

கையெழுத்தான நாளைக் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன், 2002 டிசம்பர் 17 அன்று, அதே ஹேக் நீதிமன்றம் சிப்பாடான், லிகித்தான் தீவுகளை இந்தோனேசியாவுக்கு எதிரான வழக்கில் மலேசியாவுக்குக் கொடுத்திருந்தது. 16-க்கு 1 என்ற பெரிய வெற்றி. எதை வைத்துக் கொடுத்தார்கள்? பழைய ஒப்பந்தங்கள் இரண்டு பக்கத்துக்கும் கைகொடுக்கவில்லை. ஆமை முட்டை எடுப்பதை யார் ஒழுங்குபடுத்தினார்கள், பறவைச் சரணாலயமாக யார் அறிவித்தார்கள், கலங்கரை விளக்கத்தை யார் நடத்தினார்கள், அப்போதெல்லாம் எதிர்ப்பக்கம் வாய் திறந்ததா என்று நீதிமன்றம் பார்த்தது. மலேசியா நிர்வாகம் செய்தது, இந்தோனேசியா பேசாமல் இருந்தது. முடிந்தது கதை.

அதே அளவுகோல் பத்து பூத்தேயில் திரும்பி வந்தது.

2008 மே 23 தீர்ப்பை இணையத்திலிருந்து இறக்கி முழுசாக வாசித்தேன். முதல் பாதி மலேசியாக்காரன் சந்தோஷப்படும்படிதான் இருக்கிறது. ஜொகூர் சுல்தானகம் பழைய காலத்திலிருந்தே இந்தக் கடற்பகுதிக்கு உரிமை உள்ளது என்று நீதிமன்றம் ஏற்கிறது. ஆதாரங்களில் ஒன்று ஓராங் லாவுட் மக்கள். படகிலேயே வாழ்ந்து, இந்தப் பாறைகளைச் சுற்றி மீன்பிடித்து, சுல்தானுக்கு விசுவாசமாக இருந்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கை ஒரு அரசின் சொத்துரிமைக்குச் சாட்சியாக ஏறியிருக்கிறது. சண்டை இரண்டு அரசுகளுக்கு இடையில் என்பதால், அந்த மக்களுக்கு அந்த மண்டபத்தில் இருக்கை கிடையாது.

பிறகு தீர்ப்பு 1953-க்கு வருகிறது. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று சிங்கப்பூர் காலனி அலுவலகம் ஒரு கடிதம் எழுதியது. தன் கடலெல்லையை நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது, இந்தப் பாறையின் நிலை என்ன என்று கேட்டது. செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளரிடமிருந்து பதில் போனது. பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசாங்கம் உரிமை கோரவில்லை என்பது அதன் சாரம். சின்னக் கடிதம். அவருக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் இல்லை என்று மலேசியா வாதாடியது. அவர் சொன்னது சொத்துரிமையைப் பற்றி, இறையாண்மையைப் பற்றி அல்ல என்றும் வாதாடியது. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை.

அதற்குப் பிறகு வருவது மௌனங்களின் பட்டியல். பாறையைச் சுற்றி நடந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது, மலேசியா ஒன்றும் சொல்லவில்லை. 1977-இல் சிங்கப்பூர் அங்கே ராணுவத் தொடர்புக் கருவி வைத்தது. 1978-இல் மலேசிய அதிகாரிகள் அங்கே போகச் சிங்கப்பூரின் அனுமதி தேவைப்பட்டது. மலேசியாவே 1962-க்கும் 1975-க்கும் இடையில் வெளியிட்ட வரைபடங்களில் பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சாகியிருந்தது. இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது பூலாவ் பீசாங் விவகாரம். அது ஜொகூருக்குச் சொந்தமான தீவு. அங்குள்ள கலங்கரை விளக்கத்தை நடத்துவது சிங்கப்பூர். 1968-இல் அந்தத் தீவில் பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொல்லி மலேசியா கேட்டது, இறக்கினார்கள். பத்து பூத்தேயிலும் அதே கொடி பறந்தது. அதை இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

12-க்கு 4 என்ற கணக்கில் பாறை சிங்கப்பூருக்குப் போனது. மிடல் ராக்ஸ் 15-க்கு 1 என்று மலேசியாவுக்கு வந்தது. சவுத் லெட்ஜ் யாருடைய கடலுக்குள் இருக்கிறதோ அவர்களுக்கு என்றார்கள்.

வழக்கின் முதல் ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "நியாயம் நம்ம பக்கம், கேஸ் போட்டா ஜெயிச்சிடலாம்" என்று நம்புகிறவர் இன்றைய நியாயத்தை மனதில் வைத்துப் பேசுகிறார். நீதிமன்றம் பார்ப்பது கோப்புகளை. வழக்கு என்ற ஒன்று வரும் என்றே தெரியாத காலத்தில், ஒரு மேசையில் உட்கார்ந்து ஒருவர் போட்ட கையெழுத்தை 55 வருடம் கழித்து ஹேக்கில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். எழுதாமல் விட்டதையும் பார்க்கிறார்கள். கட்டுமானத் துறையில் இது எங்களுக்குத் தினசரிப் பாடம். தளத்தில் வாய்மொழியாகச் சொன்ன மாற்றத்துக்கு மறுநாளே கடிதம் அனுப்பாத ஒப்பந்தக்காரர், இரண்டு வருடம் கழித்து என்ன அழுதாலும் நடக்காது.

இரண்டாவது ஆபத்து, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். புத்ராஜெயா உடன்பாட்டின் கேள்வி, இந்த மூன்றும் மலேசியாவுக்கா சிங்கப்பூருக்கா என்பது. சேர்ந்து நிர்வகிக்கலாமா, மீனவர்களுக்கு என்ன வழி, சுற்றியுள்ள கடலை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் நீதிபதிகளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவர்கள் தொடவும் இல்லை. விளைவைப் பாருங்கள். பத்து பூத்தே சிங்கப்பூருக்கு, அதற்குத் தெற்கே 0.6 கடல்மைலில் மிடல் ராக்ஸ் மலேசியாவுக்கு, நடுவில் எல்லைக்கோடு இல்லை. ஐந்து வருட வழக்குக்குப் பிறகும் கடல் அப்படியே கிடந்தது. அதைப் பிரிக்க ஒரு கூட்டுத் தொழில்நுட்பக் குழு அமைத்தார்கள், அதாவது எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலிருந்து எழுந்து போனார்களோ அதே மேசைக்குத் திரும்பினார்கள். இந்த முறை ஒருவர் வென்றவர், இன்னொருவர் தோற்றவர்.

மூன்றாவது, தோற்ற பக்கத்தால் தீர்ப்பை விட முடிவதில்லை. 2017 பிப்ரவரி 2 அன்று மலேசியா மறுசீராய்வு மனு போட்டது. பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்திலிருந்து மூன்று ஆவணங்கள் கிடைத்திருக்கின்றன என்பது காரணம். அதே ஆண்டு ஜூனில் தீர்ப்புக்கு விளக்கம் கேட்டு இன்னொரு மனு. 2018 மே 9 பொதுத்தேர்தலில் ஆட்சி மாறியது. மே 28 அன்று புதிய அரசாங்கம் இரண்டு மனுக்களையும் கைவிட்டது. தீர்ப்பு வந்து பத்து ஆண்டுகளுக்குள்தான் மறுசீராய்வு கேட்க முடியும். கைவிட்ட அன்று அந்தப் பத்து ஆண்டு முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. 2024-இல் இந்த விவகாரம் கையாளப்பட்ட விதத்தை ஆராய மலேசியாவில் அரச விசாரணை ஆணையமே அமைக்கப்பட்டது. அண்டை நாட்டோடு இருந்த சண்டை உள்வீட்டுச் சண்டையாகிவிட்டது.

மணல்

பாறை உடன்பாடு கையெழுத்தான அதே 2003-இல் இன்னொரு தகராறும் முற்றியது. சிங்கப்பூர் தன் மேற்கே துவாசிலும் கிழக்கே பூலாவ் தெக்கோங்கைச் சுற்றியும் கடலைத் தூர்த்து நிலமீட்பு செய்துகொண்டிருந்தது. ஜொகூர் நீரிணை ஏற்கனவே குறுகலானது. அதை மேலும் குறுக்கினால் நீரோட்டம் வேகமாகும், கரை அரிக்கும், வண்டல் இடம் மாறும், மீனவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது மலேசியாவின் புகார். எங்கள் ஆய்வுகள்படி பெரிய பாதிப்பு இல்லை என்பது சிங்கப்பூரின் பதில். இரண்டு பக்கமும் நிபுணர்கள், இரண்டு பக்கமும் கணக்கு, இரண்டும் ஒத்துப்போகவில்லை.

மலேசியா ஜூலை 4 அன்று ஐநா கடல்சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் மன்ற நடவடிக்கையைத் தொடங்கியது. மன்றம் அமையும்வரை வேலையை நிறுத்திவைக்கும்படி செப்டம்பர் 5 அன்று ஹாம்பர்க்கில் உள்ள கடல்சட்டத்துக்கான அனைத்துலகத் தீர்ப்பாயத்திடம் இடைக்கால உத்தரவு கேட்டது. அக்டோபர் 8 அன்று, அதாவது முப்பத்து மூன்று நாளில், உத்தரவு வந்துவிட்டது. ஒருமனதான உத்தரவு.

என்ன சொன்னார்கள் என்பதுதான் அழகு. வேலையை மொத்தமாக நிறுத்து என்று சொல்லவில்லை. சிங்கப்பூர் சொல்வதுதான் சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு நாடுகளும் சேர்ந்து சுதந்திரமான நிபுணர் குழு ஒன்றை அமையுங்கள், ஒரு வருடத்துக்குள் பாதிப்பையும் அதற்கான மாற்று வழிகளையும் ஆராயச் சொல்லுங்கள், தகவல்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள், அதுவரை மலேசியாவுக்குச் சரிசெய்யவே முடியாத கேடு வரும் விதத்தில் சிங்கப்பூர் வேலை செய்யக்கூடாது என்றார்கள்.

நாட்டுக்கு இரண்டு பேராக நான்கு நிபுணர்கள். ஆய்வைச் செய்தது டென்மார்க்கின் டிஎச்ஐ நிறுவனம். கரையோரப் பொறியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம், அவர்களுடைய 'மைக் 21' மென்பொருளில்தான் நாங்களும் பயிற்சி செய்தோம். கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆழத்தைக் கொடுத்து, ஓரங்களில் அலையேற்றத்தைக் கொடுத்தால், உள்ளே நீர் எந்தத் திசையில் எந்த வேகத்தில் ஓடும் என்று அது கணக்குப் போடும். பிறகு கடலில் நேரடியாக அளந்த எண்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். உள்ளே போடும் தரவை மாற்றினால் வெளியே வரும் பதிலும் மாறும். அதனால்தான் இரண்டு நாடுகளின் நிபுணர்களும் தனித்தனியே போட்ட கணக்குகள் சண்டைக்கு உதவின, சமாதானத்துக்கு உதவவில்லை. ஒரே தரவு, ஒரே மாதிரி, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க ஓடும் ஒரே கணக்கு என்று வந்ததும் நிலைமை மாறியது. வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற எண்ணுக்குக் குடியுரிமை கிடையாது.

2004 நவம்பரில் அறிக்கை வந்தது. வரக்கூடிய பாதிப்புகள் 57 என்று பட்டியலிட்டார்கள். அதில் 40 கணினி மாதிரியில்தான் தெரியும், களத்தில் அநேகமாகக் கண்டுபிடிக்கவே முடியாது. மீதி 17 களத்தில் தெரியக்கூடியவை, ஆனால் தகுந்த நடவடிக்கை எடுத்தால் தவிர்த்துவிடலாம். மலேசியாவின் பயம் கற்பனை இல்லை என்பது அந்த 17-இல் இருக்கிறது. சிங்கப்பூர் சொன்னது மொத்தமாகப் பொய்யில்லை என்பது அந்த 40-இல் இருக்கிறது. யாருடைய முகமும் கெடாமல் இரண்டு பேரும் எடுத்துப்போக ஏதோ ஒன்று இருந்தது.

2005 ஏப்ரல் 26 அன்று சமரச உடன்பாடு கையெழுத்தானது. மலேசியாவின் சார்பில் அமாட் ஃபூசி அப்துல் ரசாக், சிங்கப்பூரின் சார்பில் டாமி கோ. தெக்கோங் பகுதியில் நிலமீட்பின் கரைவடிவத்தைச் சிங்கப்பூர் மாற்றிக்கொண்டது. ஜொகூர் மீனவர்களின் வருமான இழப்புக்கு 374,400 வெள்ளி, மலேசிய வெள்ளி, இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 1 அன்று நடுவர் மன்றம் அந்த உடன்பாட்டையே தன் தீர்ப்பாக அறிவித்தது. தொடங்கியதிலிருந்து முடியும்வரை இரண்டு வருடம், இரண்டு மாதம்.

இதைப் பெரிய வெற்றிக்கதையாக நான் சொல்ல வரவில்லை. 374,400 வெள்ளி பெரிய தொகை இல்லை. நிலமீட்பு தொடர்ந்தது, தெக்கோங் வளர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாறை வழக்கில் ஓராங் லாவுட் மக்கள் உரிமைக்குச் சாட்சியாக மட்டும் வந்தார்கள். மணல் வழக்கில் மீனவர்களின் இழப்பு உடன்பாட்டுக்குள்ளேயே ஒரு தொகையாக வந்தது. 'யாருடையது' என்று மட்டும் கேட்டால் மீனவருக்கு இடமில்லை. 'யாருக்கு என்ன பாதிப்பு, எப்படிக் குறைக்கலாம்' என்று கேட்டால் அவர் உள்ளே வந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாம்பர்க் இல்லாமல் இந்தச் சமரசம் வந்திருக்காது. மலேசியா வழக்குப் போட்டதால்தான் தரவு மேசைக்கு வந்தது. வழக்கையும் சமரசத்தையும் எதிரெதிர்த் துருவங்களாகப் பேசுவது சரியில்லை என்று இதில்தான் எனக்குப் புரிந்தது. பேசத் தயங்குகிறவர்களைப் பேசவைக்கும் அழுத்தமாக ஒரு தீர்ப்பாயம் இருக்கலாம்.

தண்டவாளம்

1932-இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையம் சிங்கப்பூரின் நடுவில் இருந்தது, ஆனால் நிலமும் தண்டவாளமும் மலாயன் ரயில்வேக்குச் சொந்தம். 1990 நவம்பர் 27 அன்று, பிரதமர் பதவியிலிருந்து விலகுவதற்கு முந்தைய நாள், லீ குவான் யூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுடினும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ரயில் நிலையம் நகரும், விடப்படும் நிலங்களை 60-க்கு 40 என்ற பங்கில் ஒரு கூட்டு நிறுவனம் மேம்படுத்தும் என்பது அதன் அடிப்படை.

கையெழுத்தின் மை காய்வதற்குள் இரண்டு பக்கமும் அதை வேறு வேறு மாதிரி வாசிக்க ஆரம்பித்தன. 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்துகொண்டது. அதனால் ரயில் ஏறுகிறவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டு, அதற்கப்புறம் உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார்! இந்த வேடிக்கை பதின்மூன்று வருடம் ஓடியது.

2010 மே மாதம் நஜிப்பும் லீ சியன் லூங்கும் வழி கண்டார்கள். ரயில் நிலங்களுக்குப் பதிலாக மெரினா சவுத்திலும் ஒஃபிர்-ரோச்சோரிலும் வேறு நிலம், மலேசியாவின் கசானாவும் சிங்கப்பூரின் தெமாசெக்கும் 60-க்கு 40 பங்கில் நடத்தும் எம் பிளஸ் எஸ் நிறுவனம் அதில் கட்டும். இன்று அங்கே நிற்கும் மெரினா ஒன், டூயோ கட்டடங்கள் அதன் விளைவு. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது, ஜொகூர் சுல்தானே அதை ஓட்டினார்.

ஒரே ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. 1990 உடன்பாட்டின்படி தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் நிலங்கள் கூட்டு நிறுவனத்துக்கு வந்திருந்தால், அது சிங்கப்பூருக்கு மேம்பாட்டுக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்திருக்குமா? தொகை ஏறத்தாழ 147 கோடி சிங்கப்பூர் வெள்ளி. இதற்காக முழு ஒப்பந்தத்தையும் அவர்கள் நிறுத்திவைக்கவில்லை. முடிச்சை மட்டும் தனியே வெட்டியெடுத்து, நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மூன்று நடுவர்களிடம் கொடுத்தார்கள். பிரிட்டனின் லார்ட் ஃபிலிப்ஸ் தலைவர். ஆஸ்திரேலியாவின் முன்னாள் தலைமை நீதிபதி மரே கிளீசனும், ஹேக் நீதிமன்றத்தில் முன்பு நீதிபதியாக இருந்த ஜெர்மனியின் புரூனோ சிம்மாவும் உறுப்பினர்கள். 2014 அக்டோபர் 30 அன்று, கட்டணம் செலுத்த வேண்டியிருந்திருக்காது என்று தீர்ப்பு வந்தது. சிங்கப்பூர் தோற்றது. இரண்டு அரசாங்கங்களும் ஏற்றுக்கொண்டன. ஊர்வலம் இல்லை, மறுசீராய்வு இல்லை, ஆணையம் இல்லை.

147 கோடி வெள்ளிக் கேள்வியில் தோற்ற நாடு அமைதியாக ஏற்க முடிந்ததற்குக் காரணம், தோற்பதற்கு முன்பே இரண்டு பேரும் வேண்டியதை வாங்கியிருந்தார்கள் என்பதுதான். உறவு பேசித் தீர்ந்துவிட்டது, கணக்கு மட்டும் நடுவரிடம் போனது.

எல்லா நடுவரும் நடுவரா?

இதைப் படித்துவிட்டு "அப்போ கோர்ட்டு மோசம், நடுவர் மன்றம் நல்லது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் நாடே பட்ட பாடு இருக்கிறது. 1878-இல் சூலு சுல்தான் ஓவர்பெக், டென்ட் இருவரோடு செய்த ஒப்பந்தத்தின்படி, அவருடைய வாரிசுகளுக்கு மலேசியா வருடத்துக்கு 5,300 வெள்ளி கொடுத்துவந்தது. 2013 லகாட் டத்து ஊடுருவலுக்குப் பிறகு நிறுத்தியது. வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஸ்பெயினில் தொடங்கிய நடுவர் நடவடிக்கை பாரிசுக்கு நகர்ந்து, 2022 பிப்ரவரி 28 அன்று ஒற்றை நடுவர் ஒருவர் மலேசியா 1,492 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்த ஜூலையில் லக்சம்பர்க்கில் பெட்ரோனாஸின் துணை நிறுவனங்கள் மீது பறிமுதல் நோட்டீஸ் வந்து நின்றது.

1878 ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் யாரிடம் போவது என்று எழுதியிருந்தது உண்மை. போர்னியோவுக்கான பிரிட்டிஷ் தூதரிடம். அப்படி ஒரு பதவியே இப்போது இல்லை. அந்த இடத்தில் வேறு யாரையோ உட்காரவைத்துவிட்டு, இதற்கும் நீங்கள் சம்மதித்ததாகத்தான் அர்த்தம் என்றால் எப்படி? 2023 ஜூனில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் மலேசியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. நடுவர் மன்றத்தின் அதிகாரமெல்லாம் இரண்டு பேரும் ஒப்புக்கொள்வதிலிருந்துதான் பிறக்கிறது. அந்தச் சம்மதம் இல்லாவிட்டால், அது தனியார் அறையில் நடக்கும் வழக்கு, அவ்வளவுதான். கடைசியில் அதிலிருந்து மலேசியாவைக் காப்பாற்றியது நீதிமன்றங்கள்தான்.

அதேபோல ஹேக் தீர்ப்புக்கும் அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். இறையாண்மையை மேசையில் விட்டுக்கொடுத்துவிட்டு எந்தத் தலைவரும் ஊருக்குத் திரும்ப முடியாது. "நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்பது அவர்களுக்கு ஒரு குடை. உலகின் வேறு கடல்களில் இதைவிடச் சின்னத் திட்டுகளுக்காகப் போர்க்கப்பல்கள் மோதிக்கொள்கின்றன. இங்கே கருப்பு அங்கி போட்டவர்கள்தான் மோதிக்கொண்டார்கள். மத்தியஸ்தர் ஒருவரால் அந்தக் குடையைக் கொடுத்திருக்க முடியாது.

அதனால் எந்தக் கதவு என்பதைவிட, அதற்குள் எந்தக் கேள்வியைக் கொண்டுபோகிறோம் என்பது முக்கியம் என்று இந்த மூன்று வழக்குகளும் எனக்குச் சொல்கின்றன. பாறையில் மொத்தத் தகராறையும் 'யாருடையது' என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருக்கினார்கள், அதற்குப் பாதி பதில்தான் இருக்க முடியும். மணலில், அளந்து பார்க்கக்கூடிய கேள்வியாக ஒரு தீர்ப்பாயம் அதை மாற்றிக் கொடுத்தது. தண்டவாளத்தில், பேசக்கூடியதையெல்லாம் பேசி முடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் தீர்ப்புக்கு விட்டார்கள்.

நம் சமூகத்துக்கு இது தூரத்து விஷயம் இல்லை. கோயில் நிர்வாகம், சங்கத் தேர்தல், அப்பா விட்டுப்போன வீடு என்று வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்குகள் நம்மைச் சுற்றி எத்தனை! பெரும்பாலானவை 'யாருடையது' என்ற வடிவத்தில்தான் உள்ளே போகின்றன. கணக்கு எங்கே, சாவி யாரிடம், அடுத்த திருவிழாவை எப்படி நடத்துவது, அம்மா எங்கே இருப்பார் என்ற உண்மையான கேள்விகள் மனுவில் ஏறுவதே இல்லை. மலேசியாவில் 2012-இலிருந்து மத்தியஸ்தச் சட்டம் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 7 அன்று, மத்தியஸ்தத்தில் எட்டும் வணிக உடன்பாடுகளை நாடுகள் கடந்தும் நிறைவேற்ற வழிசெய்யும் ஐநா உடன்படிக்கையில் முதல் நாளே 46 நாடுகள் கையெழுத்திட்டன. அதற்குச் சிங்கப்பூரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மலேசியாவும் அன்றே கையெழுத்திட்டது. கருவிகளுக்குப் பஞ்சமில்லை.

சவுத் லெட்ஜ் நீர் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் ஒரு திட்டு. பத்து பூத்தேயிலிருந்து 2.1 கடல்மைல். யாருடைய கடலில் இருக்கிறதோ அவர்களுக்கு என்று சொல்லி ஹேக் நீதிமன்றம் அதை விட்டுவிட்டது. அந்தக் கடலில் எல்லைக்கோடு இன்னும் வரையப்படவில்லை. அதை வரைய வேண்டியவர்கள் நீதிபதிகள் இல்லை. ஆழத்தையும் தூரத்தையும் அளந்துவைத்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டிய இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள்.